நெய் பூசிய வேல்கள்

தாம்பரத்துப் பெற்றோர்களே, உங்களைப் புகழ வேண்டிய கடன் எனக்கு வெகுநாளாக இருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன், அந்தப் பக்கம் நீங்கள். ஒவ்வொரு மே மாதமும் உங்கள் முகங்களைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த முகங்கள்தான் மனத்தில் நிற்கின்றன. ஆகவே அந்தப் புகழைச் சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. முழுவதும் கேட்ட பிறகு அது இனிக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் உங்கள் தியாகம். பிள்ளை பத்தாம் வகுப்பில் கால் வைத்த அன்றே கேபிள் இணைப்பைத் துண்டித்த வீடுகள் எனக்குத் தெரியும். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை, டியூஷனுக்கு அழைத்துப் போய்வர ஆள் இல்லை என்று விட்டுவந்த தாய்மார்களைத் தெரியும். முடிச்சூரில் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் பக்கத்தில் சேலையூரில் வாடகைக்கு வந்த ஒரு தகப்பனாரைத் தெரியும். விடியற்காலையில் கடற்கரை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போவார். இரவு ஒன்பதரைக்குக் கேம்ப் ரோட்டில் பைக்கை ஓரமாக நிறுத்திக்கொண்டு கோச்சிங் விடும் நேரத்துக்காகக் காத்து நிற்பார். மழையிலும் நிற்பார். இரண்டு ஆண்டுகளுக்குச் சொந்தக்காரர் கல்யாணம் கிடையாது, குலதெய்வக் கோயில் கிடையாது, ஊர்த் திருவிழா கிடையாது. நகைக்கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவீர்கள், அந்த நகையை மீட்பதற்குள் அடுத்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிடும். உங்கள் அன்பில் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை.

அடுத்தது உங்கள் முன்யோசனை. பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே என்ன குரூப் என்று முடிவாகிவிடும். "பயோ மேத்ஸ்தான் சார்" என்று சொல்லிக்கொண்டேதான் நாற்காலியில் உட்காருவீர்கள். "பையன் என்ன சொல்றான்?" என்று நான் கேட்டால், "அவனுக்கு என்ன சார் தெரியும்? நாமதானே பார்த்துச் செய்யணும்" என்பீர்கள். சோறும் துணியும் செருப்பும் குடையும் நீங்களே பார்த்துத் தந்ததுபோல், விருப்பத்தையும் நீங்களே பார்த்துத் தந்தீர்கள். தேர்ந்தெடுக்கும் சிரமத்தைக்கூடப் பதினைந்து வயதுத் தலையில் ஏற்றவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளில் அந்த மேசையில் பிள்ளை முதலில் வாய் திறந்த நாட்களை என் பத்து விரலுக்குள் எண்ணிவிடலாம்.

உங்கள் நினைவாற்றலும் பெரியது. பி.யு.சி. போய்ப் பிளஸ் டூ வந்தது 1978-இல். அன்றிலிருந்து குரூப்புகளின் பெயர்கள் மாறின, பாடநூல்கள் மாறின, மதிப்பெண் 1200-இலிருந்து 600 ஆனது. உங்கள் வாக்கியம் மட்டும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் கைமாறி வருகிறது: "ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துட்டா ரெண்டு கதவும் திறந்திருக்கும். டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியருக்கும் போகலாம்." கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற நாலும் ஒரு பிள்ளையின் பையில் இருந்தால் குடும்பம் நிம்மதியாகத் தூங்கும்.

வாக்கியம் உண்மைதான். அந்த இரண்டு கதவுகளையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நீட் தேர்வில் கணிதத்துக்கு ஒரு கேள்வியும் கிடையாது. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்ஆஃப் 200-இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியலுக்கு ஒன்றும் இல்லை. எந்தக் கதவுக்குள் போனாலும் ஒரு முழுப் பாடத்தை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு ஆண்டுகள் பிள்ளை அதைச் சுமந்தது, எந்தக் கதவு என்று நீங்கள் முடிவு செய்யும்வரை இரண்டும் மூடாமல் இருப்பதற்காக. இரண்டு கதவுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு வேறு எதையும் தொட்டுப் பார்க்கக் கை இல்லை.

இந்தச் சுமை அரசுக்கும் தெரிந்திருந்தது. 2019-இல், நான்கு முதன்மைப் பாடங்களுக்குப் பதிலாக மூன்றை மட்டும் எடுத்துப் படிக்கலாம் என்று ஓர் அரசாணை வந்தது. மருத்துவம் போகிறவர் கணிதத்தையும், பொறியியல் போகிறவர் உயிரியலையும் விட்டுவிடலாம். அடுத்த ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. என் மேசைக்கு வந்த பெற்றோரில் ஒருவர்கூட அந்த ஆணை ஏன் வந்தது, ஏன் போனது என்று கேட்கவில்லை. உங்கள் உறுதி அப்படிப்பட்டது.

காவல் இல்லாமலே திறந்து கிடக்கும் கதவுகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் தடையில்லை. பட்டயக் கணக்காளர் படிப்புக்கான முதல்நிலைத் தேர்வை எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம். ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டத்துக்குப் பத்தாம் வகுப்பில் கணிதம் படித்திருந்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்தவரும் சேரலாம். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காமல் விட்டவர் பிறகு அதைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. பதினைந்து வயதில் ஒன்றை விட்டால் எல்லாம் போச்சு என்ற உங்கள் பயத்துக்கு இவ்வளவு பதில்கள் வந்துவிட்டன. நீங்களோ பதில்களை நம்பிப் பயத்தைக் கைவிடும் அவசரக்காரர்கள் கிடையாது.

என் கூட வேலை பார்த்த ஆசிரியர்களையும் பள்ளி நடத்துகிறவர்களையும் புகழாமல் விட்டால் நன்றி மறந்தவன் ஆவேன்.

எடை போடுவதில் எங்கள் நேர்மை பெரியது. பத்தாம் வகுப்பு முடிவு வருவது மே மாதம். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு பொங்கல் கழிந்ததுமே யார் எந்தக் குரூப் என்று பட்டியல் போட்டுவிடும் பள்ளிகள் நம்மிடம் உண்டு. இத்தனைக்கு மேல் பயோ மேத்ஸ், அதற்குக் கீழே கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கும் கீழே காமர்ஸ், கடைசியில் தொழிற்கல்விப் பிரிவு. ஐஏஎஸ் அதிகாரி மகனானாலும் ஆட்டோ ஓட்டுநர் மகனானாலும் தராசு ஒன்றுதான். அந்தத் தராசு மதிப்பெண்ணை மட்டுமே நிறுக்கும். செடிகொடியைக் கண்டால் நின்றுவிடும் பிள்ளை 380 வாங்கினால் கணக்குப்பதிவியலுக்குப் போகும். கடைக்கணக்கை மனத்திலேயே போட்டு மகிழும் பிள்ளை 480 வாங்கிவிட்டால் நீட் பேட்ச்சுக்குப் போகும். குறைந்த மதிப்பெண் வாங்கியதற்காக விரும்பியது கிடைக்காமல் போன பிள்ளைகளை எல்லோருக்கும் தெரியும். நிறைய மதிப்பெண் வாங்கியதற்காக விரும்பியது கிடைக்காமல் போன பிள்ளைகளை எங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் வேகமும் பாராட்டுக்கு உரியது. பதினோராம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தி, ஒரே புத்தகத்தை இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்த பள்ளிகள் மாநிலத்தில் ஏராளம். நடத்தாமல் விட்ட பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து நுழைவுத் தேர்வுகளில் கேள்வி வந்து பிள்ளைகள் விழித்தபோதுதான் அது அரசின் கண்ணை உறுத்தியது. 2018 மார்ச்சிலிருந்து பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பிள்ளைகளின் பாரத்தைக் குறைப்பதற்காக அந்தப் பொதுத்தேர்வை 2025-26 முதல் நீக்கியது. பதினோராம் வகுப்பு இப்போது மறுபடியும் எங்கள் மனசாட்சியின் பொறுப்பில் இருக்கிறது. முன்பு அது எங்கள் பொறுப்பில் இருந்தபோது என்ன செய்தோம் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இனி எங்கள் ஆய்வகம். பெற்றோர்களுக்குச் சுற்றிக் காட்டும்போது எங்கள் தலைமை ஆசிரியர் முதலில் திறக்கும் அறை அதுதான். பியூரெட்டுகள் வரிசையாகத் தாங்கியில் நிற்கும். குடுவைகளில் ஒரு கீறல் இருக்காது. பக்கத்து அறையில் நுண்ணோக்கிகள் துணி உறைக்குள் தூசி படாமல் இருக்கும். அமிலப் புட்டிகளின் லேபிள் ஒன்றுகூடக் கறைபட்டிருக்காது. பார்த்த பெற்றோர் கண் விரியும்.

அந்த அறையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஔவையின் நினைவு வரும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் அவர் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். உன் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, கட்டுக்காவலுக்குள் பளபளக்கின்றன; என் தலைவனுடைய வேல்களோ முனை மழுங்கிக் கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்ற பொருளில் அவர் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. தொண்டைமானின் வேல்கள் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தன. ஒரு தடவையும் களத்துக்குப் போகாததால் வந்த அழகு அது. செங்கற்பட்டும் தாம்பரமும் சேர்ந்த இந்த நிலம் தொண்டை நாடுதான். அந்தக் கொட்டில் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

நைட்ரேட் உப்பைக் கண்டுபிடிக்கப் பழுப்பு வளையச் சோதனை என்று ஒன்று உண்டு. உப்புக் கரைசலில் புதிதாகக் கரைத்த பெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தை ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலம் அடியில் இறங்கும். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று உருவாகும். கை நடுங்கினால் கலைந்துவிடும். முதல் தடவை அதைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் வேதியியல் ஆசிரியர் ஆனேன்.

என் கடைசி ஆண்டுகளில், "பழுப்பு வளையம் தோன்றியது" என்ற வரி ஒவ்வொரு ரெக்கார்ட் நோட்டிலும் இருந்தது. அழகான கையெழுத்து, ஸ்கேல் வைத்து அடித்த கோடு, பென்சிலால் வரைந்த சோதனைக் குழாய். வளையத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை வகுப்பில் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். நேரம் இல்லை. கோச்சிங் வகுப்பு பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டது, ஆய்வக நேரத்தை அது எடுத்துக்கொண்டது. செய்முறைக்கான மதிப்பெண் எப்படியும் முழுதாகக் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தனை ரெக்கார்டிலும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டவன் நான். என் கையெழுத்தும் அழகாகத்தான் இருக்கும்.

இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊரைப் புகழ்ந்தாக வேண்டும்.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரம் இப்போது அதற்குள் அடக்கம். 1863 மே 30 அன்று அந்தப் பல்லாவரத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் செம்புறைக் கல் குழியிலிருந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். மனிதன் உலோகம் அறியாத காலத்துக் கருவி அது. இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிய ஆய்வு தொடங்கிய இடம் என்று உலகம் பல்லாவரத்தைச் சொல்கிறது. ஃபூட் தொல்லியல் படித்து வந்தவர் கிடையாது. அவர் நிலவியல் துறை அலுவலர், பாறை பார்க்க வந்தவர்.

அடுத்த நிலையம் குரோம்பேட்டை. சி. ராஜம் 1949-இல் தொடங்கிய எம்ஐடி அங்கே இருக்கிறது. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பட்டம் வாங்கிய பிறகுதான் தனக்கு உரிய பாடம் இயற்பியல் இல்லை, பொறியியல் என்று உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அப்போது எம்ஐடி, பட்டப் படிப்பை முடித்தவர்களைத்தான் சேர்த்துக்கொண்டது. முதலில் எடுத்த பாடம் பிசகினாலும் திரும்பி வரலாம் என்று வழி விட்டிருந்த காலம். எழுத்தாளர் சுஜாதா வந்ததும் அதே திருச்சிக் கல்லூரியின் இயற்பியல் வகுப்பிலிருந்து இதே குரோம்பேட்டைக்குத்தான். சேர்வதற்குப் பணம் இல்லாதபோது கலாமின் அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். நீங்களும் நகையை அடகு வைக்கிறீர்கள். அந்த வளையல்கள் கலாம் தானே கண்டுபிடித்த படிப்புக்காக அடகுக் கடைக்குப் போயின.

தாம்பரம் வந்துவிட்டது. ரயில் பாதைக்குக் கிழக்கே சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் காடு. 1937-இல் கல்லூரி இங்கே குடிவந்தபோது அது வெறும் புதர் நிலம். அங்கே மரம் நட்டு வளர்த்தவர்களில் முன்நின்றவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் பேராசிரியர்; தாவரங்களைத் தேடி மலைமலையாக அலைந்தவர், அவர் பெயரைத் தாங்கிய செடிகள் உண்டு. அதே வளாகத்தில் புள்ளியியல் துறையை நடத்திய கிஃப்ட் சிரோமணி பிராமி எழுத்துகளைப் படித்தார், மாமல்லபுரத்துச் சிற்பங்களின் ஆடை அணிகளைக் கணக்கெடுத்தார். அவரும் கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, நம் வீட்டு வாசலில் பெண்கள் போடும் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். கணினி அறிவியலில் பட மொழிகள் என்ற துறையைச் சேர்ந்தது அந்த 1974-ஆம் ஆண்டுக் கட்டுரை. புள்ளிக் கோலத்தில் கணிதம் இருப்பதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னவர்கள் தாம்பரத்துக்காரர்கள்.

பாறைக்காரர் வரலாற்றைத் தொட்டார், வேதியியல்காரர் காடு வளர்த்தார், கணக்குக்காரர் கல்வெட்டு படித்தார். இவர்களில் எவரையும் நம் குரூப் பட்டியலின் ஒரு கட்டத்துக்குள் அடைக்க முடியாது. இப்படிப்பட்ட மண்ணில் வாழும் பாக்கியம் எந்த ஊருக்கு உண்டு? நம் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் பல்லாவரத்தையும் குரோம்பேட்டையையும் கிறித்தவக் கல்லூரியையும் கடந்து கோச்சிங்குக்குப் போகிறார்கள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, பிள்ளைகளைப் புகழ வேண்டும். இந்தப் புகழில் மட்டும் வேறு உள்ளர்த்தம் கிடையாது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். முதல் மாடி வரை தண்ணீர் நின்ற தெருக்கள், படகில் வந்த முதியவர்கள். என் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வீடும் அதில் போனது. பள்ளி திறந்த பிறகு அவள் ஒரு சார்ட் தாள் கொண்டுவந்தாள். அவள் தெருவுக்கு வெள்ளம் எந்த ஏரியிலிருந்து புறப்பட்டு, எந்தக் கால்வாய் வழியாக வந்து, எந்த இடத்தில் வழி அடைபட்டதால் ஊருக்குள் திரும்பியது என்று அதில் வரைந்திருந்தாள். யாரும் வரையச் சொல்லவில்லை. தாத்தாவிடமும் பக்கத்து வயல்காரரிடமும் விசாரித்து, சைக்கிளில் போய்ப் பார்த்து வரைந்தது. புவியியல் ஆசிரியர் அதை வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்தார்.

மே மாதம் அவள் 487 மதிப்பெண்ணோடு அப்பாவுடன் என் மேசைக்கு வந்தாள். அந்த மேசையில் பிள்ளை முதலில் பேசிய அபூர்வமான நாட்களில் அது ஒன்று.

"சார், ஜியாகிரபி இருக்கிற குரூப் நம்ம ஸ்கூல்ல இருக்கா?"

அப்பா சிரித்தார். கோபமே இல்லாத, நல்ல மனிதரின் சிரிப்பு. "487 வாங்கிட்டு ஜியாகிரபியாம் சார். நீங்களே சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய சார்ட்டை நான் பார்த்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் அந்தக் குரூப் இல்லை. பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இருந்தது, அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "ஃபர்ஸ்ட் குரூப்லயே சேர்ந்துடும்மா. ரெண்டு கதவும் திறந்திருக்கும். ஜியாகிரபி அப்புறம்கூடப் படிச்சுக்கலாம்."

"சரி சார்" என்றாள். இரண்டு ஆண்டுகள் நன்றாகப் படித்தாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பிறகு பொறியியல், பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வேலை. வீட்டுக்கடனில் பாதியை அவள் அடைக்கிறாள் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட வேண்டியதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூர் பக்கம் மறுபடியும் வெள்ளம். அந்த வாரம் அவளிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது: "சார், நான் அன்னைக்கு வரைஞ்ச அதே வழியிலதான் தண்ணி வந்துச்சு."

குற்றம் சாட்டுவதற்காக அவள் அதை அனுப்பவில்லை. ஆனாலும் அதற்குப் பதில் எழுத எனக்கு இன்னும் முடியவில்லை. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை மூழ்கிய ஊரில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தானாகக் கேட்ட ஒரு பிள்ளை இருந்தது. அந்தக் கேள்விக்கு 487 மதிப்பெண் அதிகம் என்று ஓர் அப்பாவும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

இவ்வளவு நேரம் புகழ்ந்தேன். இனி வெளிப்படையாகவே பேசுகிறேன்.

உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அது என் வீட்டிலும் இருந்தது. நம்மில் பலர் திருநெல்வேலியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ பெட்டியோடு தாம்பரத்தில் இறங்கியவர்கள், அல்லது இறங்கியவர்களின் பிள்ளைகள். ஒருவருடைய ஒரு பட்டம் ஒரு குடும்பத்தையே காலனித் தெருவிலிருந்தும் கடனிலிருந்தும் தூக்கிவிட்டதைக் கண்ணால் கண்டவர்கள். மழைக்கு ஒதுங்கிய இடத்தை விட்டு வெளியே வர மனம் வராது. அந்தப் பட்டம் இன்ஜினியர் பட்டமாகவோ டாக்டர் பட்டமாகவோ இருந்ததால், வேறு எதுவும் தூக்கிவிடாது என்று நம்பிவிட்டோம். பயப்பட உங்களுக்குக் காரணம் இருந்தது. அந்தப் பயத்தைப் பிள்ளையின் விருப்பம் என்று படிவத்தில் எழுத உரிமை இருக்கவில்லை.

ஃபர்ஸ்ட் குரூப் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வேதியியல் சொல்லிக்கொடுத்தே சோறு தின்றவன் நான். பழுப்பு வளையத்தைப் பார்த்துக் கண் விரிந்த பிள்ளைக்கு அதுதான் சொர்க்கம், அந்தப் பிள்ளையை எவரும் காமர்ஸ் பக்கம் இழுக்க வேண்டாம். கேட்காமல் சேர்ப்பதுதான் குற்றம். கேட்பதற்குப் பணம் வேண்டாம், கோச்சிங் வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வரும்வரை சில வாரங்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் பிள்ளை யாரும் சொல்லாமல் எந்தப் புத்தகத்தைத் திறக்கிறது, எதைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்கிறது என்று கவனியுங்கள். ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். ஒரு நாள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்று பறவைகளைக் காட்டுங்கள். ஒரு நாள் தெரிந்தவர் கடையில் கணக்கு எழுத உட்கார வையுங்கள். பிறகு கேளுங்கள். பதில் உடனே வராது. பதினைந்து ஆண்டுகள் கேட்காமல் இருந்த கேள்விக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்.

பள்ளி நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன். வரலாறும் புவியியலும் உள்ள ஒரு வகுப்பைத் தொடங்குங்கள், பத்துப் பேர் வந்தாலும் நடத்துங்கள். மதிப்பெண்ணை வைத்துக் குரூப்பைப் பங்கிடுவதை நிறுத்துங்கள். சேர்ந்த பிள்ளைக்கு முதல் சில மாதங்களுக்குள் பாடம் மாற்றிக்கொள்ள வழி விடுங்கள். ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள், பியூரெட்டுகள் உடையட்டும். அரசுக்கும் ஒன்று: 2019-இல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்ட அந்த மூன்று பாட உரிமையை மறுபடியும் கொடுங்கள்.

பிளஸ் ஒன் சேர்க்கைப் படிவத்தின் அடியில் இரண்டு கையெழுத்துகளுக்கு இடம் இருக்கும். ஒன்று பெற்றோருக்கு, இன்னொன்று மாணவருக்கு. இருபத்தெட்டு ஆண்டுகளும் நீங்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இங்கே போடு" என்று விரலால் இடம் காட்டுவீர்கள். பிள்ளை போடும். அடுத்த மே மாதம் அந்தப் படிவம் உங்கள் கைக்கு வரும்போது, பேனாவை முதலில் பிள்ளையிடம் கொடுங்கள்.